துண்டுகளும் வயலோரமும்

இரவு பத்து மணி. கடைசி மேசையையும் துடைத்த பின்னர், சிறிய உணவகமொன்றின் உரிமையாளர் கல்லாவின்முன் அமர்ந்து கணக்கு நோட்டை விரிக்கிறார். வரவை எழுதுவது எளிது. வீணானதை எழுதுவதே கடினம். புளித்துப்போன மாவு எத்தனை படி? இலையோடு எறியப்பட்ட சட்னி எவ்வளவு? பாத்திரமின்றி அடுப்பு எவ்வளவு நேரம் எரிந்தது? "இவற்றையெல்லாம் எண்ணுவது கஞ்சத்தனம் ஆகாதா?" என்று அவர் ஒருநாள் என்னிடம் கேட்டார். தம் தொழில் தம் விசுவாசத்திற்கு முரணாகிவிடுமோ என்ற அச்சம் அக்கேள்வியில் இருந்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நூறு ரூபாய் விற்பனையில் பத்து ரூபாய் மிஞ்சும் கடையில் ஒரு ரூபாய் வீணானால், அதை ஈடுசெய்ய மேலும் பத்து ரூபாய்க்கு விற்றாக வேண்டும். இலைக்கு 20 கிராம் சட்னி மிகுதியாக விழுந்தால், 300 இலைகளுக்கு 6 கிலோ. நாளுக்கு நூறு ரூபாய் இழப்பு ஆண்டில் 36,500 ரூபாய் ஆகிறது. சிறியது என்று நாம் அலட்சியம் செய்வது, உண்மையில் சிறியதன்று.

இது ஒரு கடையின் கவலை மட்டுமன்று. 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் 29 கோடி டன் உணவகங்கள் போன்ற இடங்களில் வீணாயிற்று என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் மதிப்பிட்டது. உணவை எறிவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் 5 அன்று நினைவூட்டினார்.

யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்து அப்பங்களைக் கொண்டு ஐயாயிரம் பேரைப் பசியாற்றியவர், மிஞ்சிய துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. வேண்டிய மட்டும் பெருக்க வல்லவரே துண்டுகளைப் பொருட்படுத்தினாரெனில், கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவாகாது.

ஆனால் திருவிவிலியத்தில் மற்றொரு குரலும் ஒலிக்கிறது. வயலின் ஓரம்வரை அறுக்காதே, சிந்திய கதிர்களைப் பொறுக்காதே, அவற்றை எளியோருக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்கிறது லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம். ஓரிடத்தில் சேர் என்றும், ஓரிடத்தில் விடு என்றும் சொல்லப்படுகிறதே, இது முரண்பாடா?

அன்று. எஞ்சியது எங்கே போகிறது என்பதே இரண்டிலும் அடங்கிய கேள்வி. குப்பைத் தொட்டிக்குப் போவதைத் தடுப்பது கடமை. மனிதனின் வயிற்றுக்குப் போவது இழப்பே அன்று. பரிமாறுபவர் வயிறார உண்ணும் உணவும், காசு குறைந்த முதியவருக்கு வைக்கும் இன்னோர் இட்லியும் வயலின் ஓரங்கள். அவற்றை நட்டத்தில் எழுதலாகாது.

இங்கேதான் சோதனையும் இருக்கிறது. உடைந்த கண்ணாடி டம்ளரின் விலையைப் பணியாளரின் கூலியில் பிடிப்பதும், நேற்றைய சாம்பாரை இன்றையதில் கலப்பதும், கருகிய எண்ணெயையே மீண்டும் காய்ச்சுவதும் இழப்பைத் தடுப்பவை அல்ல. இழப்பை எளியவர் தலையில் ஏற்றுபவை. உண்மையான சிக்கனம் உரிமையாளரின் கையிலிருந்தே தொடங்குகிறது. முந்தைய நாள்களின் விற்பனையைப் பார்த்து அரிசி ஊறவைப்பதும், பழைய சரக்கை முதலில் எடுப்பதும், சிறு கரண்டியால் பரிமாறி வேண்டுவோர்க்கு மறுபடியும் அன்போடு இடுவதும் எவரையும் வருத்துவதில்லை.

இதைத்தான் நண்பரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நோட்டில் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'வீணானது' என்றும், மறுபக்கம் 'கொடுத்தது' என்றும் எழுதினார். முதற்பக்கத்தில் எழுத அன்று நிறைய இருந்தது. மறுபக்கத்தில் என்ன எழுதுவது என்றுதான் அவர் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.