வினாடிக்குச் சாட்சி யார்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசற் சாலைகளில் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும் நாளில், வென்றவர் யார் என்பதற்கு நீண்ட விசாரணை தேவைப்படுவதில்லை. வண்டிகள் ஒரே சாலையில் ஒருங்கே ஓடுகின்றன. முந்தி வந்த வண்டியை ஊரே கண்ணாற் காண்கிறது. கொங்கு நாட்டு ரேக்ளாவில் முறை வேறு. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் தொலைவை வண்டிகள் தனித்தனியே ஓடிக் கடக்கின்றன, கடிகாரம் தீர்ப்பளிக்கிறது. முன்னதில் கண்கள் சாட்சி. பின்னதில் கருவி சாட்சி. கருவி சாட்சியாகும்போது, அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்ற கேள்வியும் உடன் பிறந்துவிடுகிறது.

இக்கேள்வி பெரிய அளவில் எழுந்த இடம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தடம். 1927இல் திறக்கப்பட்ட இத்தடத்தின் வடக்குச் சுற்று 20 கிலோமீட்டருக்கு மேல் நீள்வது. விரைவுக் கார் செய்யும் நிறுவனங்கள் தங்கள் வண்டிகளை இங்கே தனியே ஓட்டி, சுற்றைக் கடந்த காலத்தை உலகுக்கு அறிவிப்பது வழக்கம். 2008இல் ஜப்பானின் நிஸ்ஸான் நிறுவனம், தன் ஜி.டி.ஆர். கார் 7 நிமிடம் 29 வினாடியில் சுற்றி வந்ததாக அறிவித்தது. போட்டி நிறுவனமான போர்ஷே அதனை ஏற்கவில்லை. அதே வகைக் காரொன்றை விலைக்கு வாங்கி ஓட்டிப் பார்த்து, 7 நிமிடம் 54 வினாடி ஆயிற்று என்றது. கடைகளில் விற்கும் காரின் டயர்களோடு அந்தச் சாதனை நிகழ்ந்திருக்குமா என்றும் ஐயம் எழுப்பியது. நிஸ்ஸான் மறுத்தது. இடைவெளி 25 வினாடி.

இவர்களுள் பொய்யர் யார்? ஒருவரும் பொய்யராக இல்லாமலே இந்த வேறுபாடு விளையக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். டயரின் தன்மை, காற்றின் வெப்பம், ஓட்டுநரின் தேர்ச்சி, தடத்தோடு அவருக்குள்ள பழக்கம் யாவும் வினாடிகளைக் கூட்டும், குறைக்கும். அளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுகூட எண்ணை மாற்றும். நம் மாநிலத்திலேயே, சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் எடுத்த காலத்தை, 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் காலத்தோடு ஒப்பிடுதல் பொருந்தாது. அறிவித்தவர், ஐயுற்றவர் இருவருமே கார் விற்பவர்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அப்படியாயின், நிபந்தனையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது குற்றமாகாதா? கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நாயகம் (ஸல்) அவர்கள், மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கக் கண்டு வணிகரைக் கண்டித்த வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அவ்வணிகர் பொய்யான சொல் எதனையும் சொன்னதாக அவ்வரலாற்றில் இல்லை. ஈரத்தை மேலே வைக்கவில்லை, அவ்வளவே. கேட்பவன் எதை நம்பிக் காசு கொடுக்கின்றானோ, அதனைப் பாதிக்கும் செய்தியை மறைப்பதும் ஏமாற்றே.

'எதற்கும் சான்று கேட்பது பிறர்மீது தீய எண்ணம் கொள்வதாகாதா?' எனச் சிலர் வினவலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சிகளை நிறுத்தவும் திருமறை பணிக்கின்றது. கடன் வாங்குவோர் அனைவரும் வஞ்சகர் என்பது அதன் பொருளன்று. நல்லவர்களுக்கிடையிலும் மறதியும் ஆசையும் குறுக்கிடும் என்பதே பொருள். எழுத்து இருவரையும் காக்கின்றது. சான்று கேட்பவன் மனிதனைப் பழிக்கவில்லை. அவன் சொல்லுக்கு அரண் கட்டுகின்றான்.

நூர்பர்க்ரிங்கிலும் இந்த அரண் கட்டப்பட்டது. 2019இல் தட நிர்வாகம் பொது விதிகளை வகுத்தது. முன்னர் பல நிறுவனங்கள் நேர்ப்பகுதியில் சிறிது விட்டு, ஏறத்தாழ 20.6 கிலோமீட்டரையே அளந்து வந்தன, இனி 20.832 கிலோமீட்டர் முழுச் சுற்றும் அளக்கப்பட வேண்டும், சான்றளிக்கும் அலுவலர் உடனிருந்து உறுதி செய்ய வேண்டும் என்றாயிற்று. இதனால் மனிதர் நேர்மையாளராக மாறிவிடவில்லை. ஆனால் அவர்தம் நேர்மையை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலை நீங்கிற்று.

விரைவுக் கார் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை என்று எவரும் இதனை ஒதுக்கிவிட வேண்டாம். தவணைக்கடனில் மோட்டார் சைக்கிள் வாங்கும் இளைஞர், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற எண்ணை நம்பியே கையெழுத்திடுகின்றார். அவ்வெண் ஆய்வுக்கூடத்தில், உருளைகளின்மீது, வகுத்த வேகமுறையில் ஓட்டி அளந்தது. அது பொய்யன்று. ஆனால் பின்னால் ஒருவரையும் மிளகாய் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, சித்திரை வெயிலில் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைச் சந்தைக்குப் போகிறவருக்கு அந்த எண் அப்படியே கிட்டாது. விளம்பரத்தில் எண் பேரெழுத்தில் நிற்கும். நிபந்தனையோ சிற்றெழுத்தில் ஒதுங்கும். மாதச் செலவுக் கணக்கில் அந்த வேறுபாட்டைச் சுமப்பது குடும்பமே.

ஆகவே எந்த எண்ணைக் கேட்டாலும் மூன்றை நாம் வினவுதல் நலம்: அளந்தவர் யார்? எந்நிலையில் அளந்தார்? வேறொருவர் அளந்து பார்க்க வழியுண்டா? இவற்றுக்கு முகங்கோணாமல் விடையளிப்பவரின் எண்ணை ஏற்கலாம். இதே மூன்றையும் நம் தராசின்முன் நின்று ஒருவர் கேட்கும்போது நமக்கும் முகங்கோணாதிருக்க வேண்டும். கேட்கும் உரிமை நமக்கு உண்டாவது அப்போதுதான்.