மடையடியில் ஒரு செருமல்

"சார், மடையடியில நான் ஒருக்காச் செருமுனேன்ல, அதைக் காணமே?" என்று அந்த நீர்பாய்ச்சி கேட்டார். காதிலிருந்து கழற்றிய ஹெட்போனை எந்தப் பக்கம் பிடித்துத் தருவது என்று தெரியாமல் இரு கைகளிலும் ஏந்தியபடி, குற்றச்சாட்டோ பரிகாசமோ லவலேசமும் இல்லாத குரலில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "சத்தம் சுத்தமா இருக்கு சார்" என்று அவரே ஒரு சமாதானமும் சொல்லிவிட்டு, மம்பட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார்.

விஷயம் இவ்வளவுதான். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், மகன் வாங்கிக் கொடுத்த ஐபேடில், பாட்டும் அல்லாத, ராக ஆலாபனையும் அல்லாத, ஆரம்பம் முடிவு என்று திட்டமாகச் சொல்ல முடியாத ஒருவகைச் சப்தக் கோவையை உண்டாக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டிருக்கிறது. ஆம்பியன்ட் இசை என்று இதற்கு இன்று பெயர். இளையராஜாவின் பண்ணைப்புரத்துக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு மெட்டு இல்லாத இசை செய்வதை எங்கள் சின்னமனூர் மன்னிப்பது கஷ்டம். ஆகையால் வெளியில் அதிகம் சொல்வதில்லை. தம்புரா ஒரு டிராக், திராட்சைப் பந்தலில் புகுந்த காற்று ஒன்று, வாய்க்கால் மடையில் நீர் விழும் ஓசை ஒன்று. அவற்றை ஏற்றி இறக்கி, ஒன்றின் விளிம்பை மற்றொன்றில் கரைத்து, எல்லாவற்றுக்கும் மேலே ரிவெர்ப் என்னும் எதிரொலியைப் பூசுவதே என் வேலை. அந்த மடையோசையைப் பதிவு செய்த அந்தியில், பேசாமல் நிற்கும்படி நான் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி நின்றவர்தாம் இந்த நீர்பாய்ச்சி. நின்றவர், அடக்க முடியாமல் ஒருமுறை செருமினார்.

அந்தச் செருமலை நான் நீக்கினேன். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒலிப்பதிவில் கைவைக்கும் எவரும் அதைத்தான் முதலில் செய்வர். வழக்கமான தரத்தில் ஒரு விநாடி ஒலியைக் கருவி 44,100 எண்களாக எழுதிக்கொள்கிறது. செருமல் அரை விநாடி என்றால், சுமார் 22,000 எண்களை எடுத்துவிட்டு, அதே வாய்க்காலின் வேறோர் அரை விநாடியை அவ்விடத்தில் ஒட்டி, இரு விளிம்புகளையும் மெல்லக் கரைத்துவிட்டால் ஒட்டுப்போட்ட இடம் செவிக்குத் தட்டுப்படாது. பாடும் குரலில் இப்படி ஒட்டினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நீரோசையிலோ எல்லாச் சுருதிகளும் ஒருங்கே கலந்திருப்பதால் எந்தத் துண்டும் எந்தத் துண்டின் இடத்திலும் பொருந்துகிறது. இதே சமயத்தில், நான் பூசிய ரிவெர்ப் அந்தத் திறந்த வயல்வெளிக்கு ஒரு பெரிய கல்மண்டபத்தின் முழக்கத்தைக் கொடுத்தது. இல்லாத மண்டபத்தைக் கட்டி, இருந்த மனிதரை வெளியேற்றியிருக்கிறேன் என்று அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் அவர் எதற்காகக் கேட்டார்? தம்முடைய சப்தம் இருக்கவேண்டும் என்ற ஆசையாலா? அல்லது, வைத்த இடத்தில் கருக்கரிவாளைக் காணவில்லை என்று கேட்பதுபோல, இருந்தது எங்கே போயிற்று என்னும் சாதாரண விசாரணையா? இரண்டாவதுதான் என்று முதலில் நிச்சயித்தேன். பிறகு, அத்தனை நிமிஷ நீரோசையில் எந்த இடத்தில் தாம் செருமினோம் என்பதை அவர் எப்படி அறிந்து காத்திருந்தார் என்று எண்ணியபோது அந்த நிச்சயம் ஆட்டம் கண்டது. மடையில் அடைத்துக்கொண்ட சருகு விலகி நீர் ஒரு கணம் கனத்து விழும் இடம் அது. அந்த வேறுபாடு ஐபேட் திரையில் அலைக்கோட்டின் ஒரு சிறு வீக்கமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கோ காதிலேயே தெரிந்திருக்கிறது.

சிறுவயதில் சித்தப்பா வீட்டு மர்ஃபி ரேடியோவில் இலங்கை வானொலி கேட்போம். பாட்டு கடலைக் கடந்து வருவதற்குள் பாதி இரைச்சலாகிவிடும். அலை வரும், போகும். நடுவே எந்த தேசத்துப் பாஷையோ குறுக்கிடும். சித்தப்பா குமிழை மயிரிழை அளவு திருப்பி, ரேடியோவின் பச்சை விளக்குக் கண் ஒடுங்குவதைப் பார்த்துக்கொண்டே, "இரைச்சலைக் கேக்காத, பாட்டைக் கேளு" என்பார். அது எங்களுக்குச் சாத்தியமாகத்தான் இருந்தது. இரைச்சலை நீக்கும் உபாயம் கையில் இல்லாதவர்களுக்கு அதைத் தாண்டிக் கேட்கும் சக்தி வாய்த்திருந்தது போலும். அதிகாலையில் ஆகாசவாணி தொடங்கும் முன் ஒலிக்கும் அந்த அடையாள இசை, யூதராகப் பிறந்து ஐரோப்பாவை விட்டுப் பம்பாய்க்கு வந்து சேர்ந்த வால்டர் காஃப்மன் அமைத்தது என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். அதில் வயலினுக்கு அடியில் தம்புரா ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கும். அதை மீட்டியது யார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கச்சேரி அழைப்பிதழில் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் பெயர் இருக்கும். பாடகருக்குப் பின்னால் இரண்டரை மணி நேரம் தந்தியை வருடிக்கொண்டு அமர்ந்திருக்கும் சிஷ்யனுக்கோ சிஷ்யைக்கோ பெரும்பாலும் இராது. பிறகு 1970களின் இறுதியில் பெங்களூரில் மின்னணுத் தம்புரா வந்தது. பல மேடைகளில் அந்த ஆளும் தேவையில்லாமற் போனார். என் கோவையில் உள்ள தம்புராவும் ஓர் ஆப்பிலிருந்து வருவதுதான்.

ஆம்பியன்ட் இசைக்குப் பெயரிட்டவரான பிரையன் ஈனோ, 1975ல் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது நடந்ததாக எழுதிய ஒரு சம்பவத்தை எங்கோ படித்தது அரைகுறையாக நினைவிருக்கிறது. பார்க்க வந்த தோழி ஒருத்தி யாழ் போன்ற ஹார்ப் வாத்திய இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறாள், தட்டு சுழல்கிறது, ஒலி மிகத் தாழ்ந்திருக்கிறது, எழுந்து கூட்டிவைக்க அவருக்குத் திராணி இல்லை. ஹார்ப்பின் ஓசை வெளியே பெய்த மழையில் பாதி மூழ்க, இசையும் அறையின் வெளிச்சத்தைப்போல ஒரு சூழ்நிலையாகலாம் என்று அவருக்குத் தோன்றியதாம். விமான நிலையங்களுக்கென அவர் செய்த தொகுப்பு அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. அதில் ஒரு பகுதியில் வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடா வளையங்கள், ஒன்று 23 விநாடிக்குச் சற்று மேல், மற்றொன்று ஏறத்தாழ 26, இன்னொன்று ஏறத்தாழ 30 என்று சுற்றிக்கொண்டே இருப்பதால், அவை ஒரே விதமாகச் சேர்வது அபூர்வம். இந்த யுக்தியைத்தான் நானும் ஐபேடில் கையாளுகிறேன். ஆயினும் அந்தக் கதையில் என்னை இழுப்பது மழை. அறைக்குள் மழை புகுந்ததால் பிறந்த கலை இது; அப்படியிருக்க, புகுந்ததைத் துடைத்தெடுப்பதிலேயே என் பாதிப் பொழுது கழிகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கையும் உண்டு. பாரிஸில் 1920ல், எரிக் ஸாட்டி என்பவர் நாடக இடைவேளையில் தம்முடைய 'நாற்காலி மேசை' இசையை வாசிக்கச் செய்து, யாரும் கேட்கவேண்டாம், பேசுங்கள், உலாவுங்கள் என்று கெஞ்சினாராம். ஜனங்களோ மரியாதையாக உட்கார்ந்து கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். கேட்காதே என்றால் கேட்கும் சுபாவம் மனிதனுடையது. செருமலை அப்படியே விட்டிருந்தால், கேட்பவர் நீரை மறந்து, யார் இவர், ஏன் நிற்கிறார், உடம்புக்கு என்ன என்று கதையில் இறங்கியிருப்பார். அதனால் நீக்கியது சரியே என்றுதான் நான் வாதிப்பேன். வந்ததையெல்லாம் வைத்துக்கொள்பவன் பதிவாளன் ஆகலாம், இசை செய்பவன் ஆகமாட்டான்.

ஆனால் அந்த வாதமும் வாய்க்கால் வரையில்தான் செல்கிறது. மனிதக் கலப்பற்ற நீரோசை என்று நான் எதைப் பாதுகாத்தேனோ, அந்த நீர் இங்கே வருவதற்கே நியாயமில்லாதது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய பெரியாற்றை, பென்னிகுயிக்கின் தலைமையில் 1895ல் கட்டி முடித்த அணை தடுத்து நிறுத்த, தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அது கிழக்கே இறங்கி, லோயர் கேம்பில் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைக்கிறது. அந்த அணைக்காகக் காட்டில் காய்ச்சல் கண்டு மாண்ட கூலிகளின் பெயர் எந்த மடையிலும் எழுதப்படவில்லை. ஜூன் மாதத்தில் தண்ணீர் திறந்ததிலிருந்து அதை வயலுக்கு வயல் திருப்பிவிடுவது நீர்பாய்ச்சியின் மம்பட்டி. அன்றைக்கு அந்த மடையில் நீர் அந்த ஸ்தாயியில் விழுந்ததே, சற்றுமுன் அவர் வரப்பை வெட்டிவிட்ட அளவினால்தான். பதிவு முழுவதும் அவர் இருக்கிறார். செருமலில் மட்டும் இல்லை. இதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் இது நானாகப் புனைந்த ஆறுதல். அவர் கேட்டது செருமலை.

வீட்டிலும் இதே கதைதான். நான் பதிவு செய்யும்போது மிக்ஸி நிற்கிறது, மின்விசிறி நிற்கிறது, பேத்தியின் வாயை மருமகள் பொத்துகிறாள், குக்கர் விசில் வருமுன் அடுப்பு தணிகிறது. என் நிசப்தம் அத்தனை பேருடைய அடக்கத்தால் ஆனது. சாந்தியை நாடுகிறவர் எல்லோருமே பக்கத்தில் இருப்பவரிடம் இப்படி ஏதேனும் வாங்கிக்கொள்கிறார்களோ, தியானம் செய்கிறவர்கள்கூட, என்று சம்சயம் எழுகிறது. ஆனாலும், வாங்காமல் இருந்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

மூலப்பதிவு அழியவில்லை, ஆகவே செருமலை மீட்டுவைத்து இன்னொரு கோவையும் செய்து, முன்னறிவிப்பு ஏதுமின்றி மனைவியைக் கேட்கச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, தூக்கம் வருகிறது என்றாள். செருமலை அவள் கவனிக்கவே இல்லை. யார் இவர் என்று கதையில் இறங்குவார்கள் என நான் கட்டிய தர்க்கம் அதோடு சரிந்தது. அப்படியானால் அதை வைப்பதால் கெடுவது ஒன்றுமில்லை. நீக்குவதால் இழப்பதும், அதைத் தேடிய ஒருவரைத் தவிர வேறெவருக்கும் இல்லை. ஒரு படைப்பு, அதற்குள் இருப்பவருக்குக் கடமைப்பட்டதா, வெளியிலிருந்து கேட்பவருக்குக் கடமைப்பட்டதா? சில நாள் முன்னதென்கிறேன், சில நாள் பின்னதென்கிறேன். மதுரையிலுள்ள நண்பர் ஒருவர் கோவையை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எதை அனுப்புவது என்று இன்னும் தீர்மானமாகவில்லை. நீர்பாய்ச்சியையே கேட்டால் தீரும் என்கிறாள் மனைவி. கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதைவிட, அவர் சொல்வதை நான் ஏற்பேனா என்பதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.