முள்ளும் பிரமாணமும்

மும்பை தாதர் திலகர் பாலத்தின் ஏற்றத்தில் மோட்டார் சைக்கிளைச் செலுத்துபவர், சமதரையில் பாதி டாங்க் காட்டிய பெட்ரோல் முள் அங்கே வேறொன்று காட்டக் கண்டால், ஞானத்தின் பிராமாண்யம் (உண்மைத்தன்மை) தன்னிலேயே அமைந்ததா, பிறிதொன்றால் நிச்சயிக்கப்படுவதா என்று மீமாம்சகரும் நையாயிகரும் நெடுங்காலம் நிகழ்த்திய வாதத்தின் நடுவே தாம் நிற்பதை உணரலாம்.

முள் பெட்ரோலைப் பார்ப்பதில்லை. மிதவையின் கை மின்தடையின்மீது நகர்ந்து மின்னோட்டத்தை மாற்ற, அம்மாற்றமே முள்ளின் அசைவாகிறது. ஆகவே அது தருவது பிரத்யக்ஷமன்று, அனுமானம். மிதவை ஓட்டையாகி மூழ்கினாலும், தடைச்சுருள் தேய்ந்தாலும், எர்த் கம்பி துருவேறித் தளர்ந்தாலும் ஹேது ஹேத்வாபாசமாகிவிடுகிறது, அதாவது சான்று போலியாகிவிடுகிறது.

தேர்ந்த மெக்கானிக் மிதவையைக் கழற்றி, கையால் மேலும் கீழும் அசைத்து, மல்டிமீட்டரில் தடை சீராக மாறுகிறதா என்று பார்த்து, மாறினால் கம்பிகளையும் பின்னர் மீட்டரையும் ஆராய்வது நையாயிகர் நெறியே. ஆனால் மல்டிமீட்டரைச் சோதிப்பது எது, அதைச் சோதிப்பது எது என்று வினவினால் அனவஸ்தை (முடிவற்ற தொடர்) நேரும். பாதகம் (மறுக்கும் அறிவு) தோன்றும்வரை ஞானத்தை நம்புக என்னும் மீமாம்சகர் கூற்று அங்கே வலிமை பெறுகிறது.

பழைய புல்லட்டில் முள்ளே கிடையாது. என்ஜின் திணறும்போது திருப்ப ஒரு ரிசர்வ் மட்டும் இருந்தது. எதை எதுவரை நம்பலாம் என்னும் இக்கேள்வி சாத்திரத்திலும் முன்நிற்கிறது: சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், இறைவனைப் பேசுமுன் அளவைகளை (பிரமாணங்களை) விளக்குகிறார். அறியும் கருவியின் எல்லையை அறிவது நாஸ்திகமன்று. சிரத்தைக்கு அதுவே முதற்படி.