நன்கொடையும் நாவும்

1905-இல் அமெரிக்கத் திருச்சபைகளுக்குள் ஒரு நன்கொடை பெரும் சண்டையை மூட்டியது. எண்ணெய் முதலாளி ஜான் டி. ராக்ஃபெல்லர், ‘அமெரிக்கன் போர்டு’ என்ற மிஷன் அமைப்புக்கு 1,00,000 டாலர் தந்திருந்தார். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிகள் நடத்திய அதே அமைப்புதான். அந்த அமைப்பைச் சார்ந்த சபைப் பிரிவின் மூத்த போதகர் வாஷிங்டன் கிளாடன், பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். போட்டியாளர்களை நசுக்கிச் சேர்த்த பணம் என்பது அவர் குற்றச்சாட்டு. அதை வாங்கிக்கொண்ட சபை, அப்படிச் சேர்ப்பதைக் கண்டிக்க எந்த முகத்தோடு எழுந்து நிற்கும்? இதுவே அவருடைய ஆழமான கவலை. கடைசியில், போர்டே அந்தப் பணத்தைக் கேட்டுப் பெற்றதாகத் தெரியவந்தது. பணம் திரும்பவில்லை.

பணம் கறைபட்டதா என்று தோண்டத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது. வாங்கியவர் வாய் கட்டப்படுமா என்ற கேள்விக்கு மட்டும் கண்முன்னே விடை கிடைக்கும்.

இந்தக் கேள்வி இன்று தரவு மையங்கள் வரும் ஊர்களிலும் எழுகிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கிறது த டால்ஸ். செர்ரித் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். சுமார் 16,000 பேர். 2006 முதல் அங்கே கூகுளின் தரவு மையம் இயங்குகிறது. 2021-இல், புதிய மையங்களுக்கு வழிவிடும் ஒப்பந்தத்தில், ஊரின் குடிநீர்க் கட்டமைப்புக்கு 2.85 கோடி டாலர் தர நிறுவனம் முன்வந்தது. அதே ஆண்டு ‘தி ஆரிகோனியன்’ நாளிதழ், அந்த மையங்கள் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று கேட்டது. வணிக ரகசியம் என்றது நகராட்சி. கணக்கைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் நாளிதழ் மீதே வழக்குப் போட்டது. வழக்குச் செலவை ஏற்றது கூகுள். 2022 டிசம்பரில் சமரசம் ஆனபின்தான் கணக்கு வெளிவந்தது: 2021-இல் மட்டும் சுமார் 134 கோடி லிட்டர், நகரின் மொத்தப் பயன்பாட்டில் கால்பங்குக்கும் மேல்.

குழாய்க்குப் பணம் தந்ததில் குற்றமில்லை. தண்ணீர் ஊருடையது, அதன் கணக்கை ஊராருக்கே மறைக்க வழக்காடியதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று இருவருக்கும் தெரியாமல் நடப்பது இரண்டாம் உயர்ந்த படி. பெற்றவர் மறுபடி கையேந்தத் தேவையில்லாதபடி வேலையோ கடனோ கூட்டுத் தொழிலோ தருவது உச்சிப்படி. பெயர்ப்பலகையோடு வரும் நிறுவனக் கொடை, பெயர் தெரியாமல் கொடுக்கும் சோதனையிலேயே தோற்றுவிடும். அதற்காக அதை உதறிவிட முடியுமா? மெட்டா தன் தரவு மையங்கள் உள்ள ஊர்களில் பள்ளிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் மானியம் தருகிறது. கணினி கிடைத்த பிள்ளைக்கு அது நன்மையே. அந்தப் பிள்ளையின் ஆசிரியர் மேல் பழி சொல்லவும் நியாயமில்லை.

ஆனால் காலமும் கணக்கும் முக்கியம். தரவு மையத்துக்கு அனுமதி தரும் வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம் வரும் காசோலையை வாங்காமல் தள்ளிவைப்பது நல்லது. அதைவிடப் பெரிய சிக்கல் வரிச்சலுகை. அமெரிக்கக் கிராமப் பள்ளிகள் பெரிதும் சொத்துவரியை நம்பியிருக்கின்றன. அந்த வரியில் நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் விலக்கு வாங்கிக்கொண்டு, அதில் ஒரு சிறு பங்கைக் கொடையாகத் தரும்போது, உரிமையாக வரவேண்டியது தயவாக வந்து சேர்கிறது. நன்றி சொல்லப் பழகிய ஊர், கணக்குக் கேட்கக் கூசுகிறது.

2026 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், தன் தரவு மையங்களுக்குச் சொத்துவரிக் குறைப்புக் கேட்கப்போவதில்லை என்று அறிவித்தது. எந்த நன்கொடையை விடவும் இது வரவேற்கத்தக்கது. மற்ற நிறுவனங்களிடமும் ஊர்கள் இதையே முதல் நிபந்தனையாக வைக்கலாம். தண்ணீர், மின்சாரக் கணக்கு ஆண்டுதோறும் பொதுவில் வரவேண்டும் என்பதை இரண்டாவதாக.