அசல்

லீ அண்ட் பெரின்ஸ் கம்பெனியின் வொர்செஸ்டர்ஷயர் சாஸ் புட்டியில், அசலானது, உண்மையானது என்ற பொருளில் இரண்டு வார்த்தைகள் அச்சிடப்பட்டிருக்கும். (எழுத்தில் இத்தனை நீளமாக இருக்கும் வொர்செஸ்டர் என்ற ஊர் வாயில் ‘வூஸ்டர்’ என்று சுருங்கிவிடுகிறது. இங்கிலீஷ் எழுத்தை நம்பி வாசிப்பவன் ஏமாறுவான்.) 2009-இல் ஒரு செய்தி வந்தது. இந்த சாஸின் 19-ஆம் நூற்றாண்டுச் செய்முறைக் குறிப்புகள் அடங்கிய பழைய தோல் அட்டைப் புத்தகங்களை, அந்தக் கம்பெனியில் கணக்காளராக இருந்த பிரையன் கீயோ, முன்பு ஒரு சமயம் ஆலையின் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தார் என்பது செய்தி. லேபிளில் ‘அசல்’ என்ற சொல் தொடர்ந்து அச்சாகிக்கொண்டிருந்தது. அசல் குப்பைக்குப் போய்விட்டிருந்தது.

இதைப் படித்துச் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி மிஞ்சியது. என்றோ புட்டியில் அடைத்து விற்ற ஒரு தொடுகறிச் சாற்றில் ஆதியில் என்னென்ன சேர்ந்திருந்தன என்று தேடிப் போகிறவன் எதைத் தேடுகிறான்? அவன் தேடலில் நியாயம் இருக்கிறதா, அல்லது அது வெறும் பழமை மோகமா?

‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பவனுக்கு நியாயம் உண்டு. அதில் தகராறு இல்லை. இந்த சாஸில் மீன் இருக்கிறது. நம் நெத்திலியின் குடும்பத்தைச் சேர்ந்த ஆஞ்சோவி. சைவம் சாப்பிடுகிறவர் தெரியாமல் இதைத் தின்றுவிட்டு, பிறகு தெரிந்து வருந்துவதை வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் விற்கும் புட்டியில் பார்லி மால்ட் காடி. அமெரிக்காவில் விற்கும் புட்டியில் வடித்த வெள்ளைக் காடி. பார்லி ஒவ்வாத உடம்புக்காரனுக்கு இந்த வித்தியாசம் அன்றாடக் கவலை. பெயர் ஒன்று, ‘அசல்’ என்ற உரிமைப் பேச்சும் ஒன்று, உள்ளே இருப்பது இரண்டு. இவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. ரகசியம் இப்போது பட்டியலின் கடைசியில், ‘மசாலா, மணமூட்டிகள்’ என்ற இரண்டு வார்த்தைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது.

‘இதில் என்ன இருந்தது?’ என்று கேட்கிறவன் வேறு ஆள். அவனுக்கு உடம்பில் கோளாறு இல்லை, விரதமும் இல்லை. இறந்தகாலத்தின் மேல் அவனுக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அவன் கையில் கிடைக்கும் சாட்சியங்களும் விசித்திரமானவை. பழைய லேபிள்களில் பொருட்பட்டியல் கிடையாது. ஆஸ்திரேலியாவிலும் நியூஸீலாந்திலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் 19-ஆம் நூற்றாண்டுக் குடியிருப்புகளைத் தோண்டுகிறவர்களுக்கு இந்தப் புட்டிகள் அகப்பட்டபடி இருக்கின்றன. கண்ணாடியில் லீயின் பெயரும் பெரின்ஸின் பெயரும் புடைப்பாக, அழியாமல் இருக்கின்றன. உள்ளே மண்.

ஏடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பதிப்பாசிரியனின் வேலைக்கு இது நெருக்கமானது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் முன்னால் இருந்தவை பல ஏடுகள். ஆசிரியன் கை எழுதிய ஏடு அவற்றில் இல்லை. ஒவ்வொரு ஏடும் இன்னொன்றிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். பதிப்பாசிரியன் விலகல்களைக் குறித்துக்கொண்டே போகிறான். குப்பையிலிருந்து வந்த குறிப்புகளில் கிராம்பு, எலுமிச்சை, சோயா இவையெல்லாம் இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. பிரிட்டிஷ் புட்டியின் இன்றைய பட்டியலில் காடி, வெல்லப்பாகு, சர்க்கரை, உப்பு, மீன் இவற்றோடு புளியின் சாரம், வெங்காயத்தின் சாரம், பூண்டின் சாரம் இருக்கின்றன. சோயா இல்லை. இதுவும் பாடபேதம்தான். ஆனால் இலக்கியத்தில் பாடபேதத்தை அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார்கள். வியாபாரத்தில் ஒப்புக்கொள்ளும் வழக்கம் இல்லை. மாறியதைச் சொல்லாமல் மாறாதது என்று சொல்வது, நான் பார்க்கிற வரையில், பொய்.

இந்த சாஸுக்கு இன்னும் பெரிய பொய் ஒன்று ஆதியிலிருந்தே உண்டு. வங்காளத்தில் கவர்னராக இருந்த லார்டு சாண்டிஸ் என்பவர் ஊர் திரும்பும்போது ஒரு செய்முறையைக் கொண்டுவந்தார். வொர்செஸ்டரில் மருந்துக்கடை நடத்திய ஜான் வீலி லீ, வில்லியம் ஹென்றி பெரின்ஸ் இருவரிடமும் கொடுத்துத் தயாரிக்கச் சொன்னார். செய்து பார்த்தால் வாயில் வைக்க முடியவில்லை. பீப்பாயோடு நிலவறையில் போட்டு மறந்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் எதேச்சையாக எடுத்து ருசித்தால் அற்புதம். 1837-இல் விற்க ஆரம்பித்தார்கள். கதை இது. லேபிளும் ‘இந்த மாகாணத்துப் பிரபு ஒருவரின் செய்முறை’ என்று பெயர் சொல்லாமல் சொன்னது. கம்பெனியின் வரலாற்றை 1997-இல் ‘தி சீக்ரெட் சாஸ்’ என்ற புத்தகமாக எழுதியவரும் அதே கீயோதான். அவர் கவர்னர்களின் வரிசையைப் பார்த்தார். லார்டு சாண்டிஸ் என்ற பெயரில் வங்காளத்துக்குக் கவர்னர் யாரும் இருந்ததில்லை என்று எழுதிவிட்டார்.

இந்த இடத்தில் நம் சங்கதி ஒன்று குறுக்கே வருகிறது. புளியும் நெத்திலியும் ஒரே பாத்திரத்தில் என்றதும் தமிழனுக்கு மீன்குழம்பு ஞாபகம் வராமல் போகாது. நம்முடையதை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய்ப் புட்டியில் அடைத்து நமக்கே விற்றான் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. நம்மில் பலர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் அந்த உரிமைக்கு ஒரே சாட்சி அந்த கவர்னர். கவர்னரோடு நம் உரிமையும் போய்விடுகிறது. பிரபுவின் பெயரால் சாஸ் விற்ற கம்பெனியின் பொய்யை ஏளனம் செய்துவிட்டு, அதே பொய்யின் நமக்குச் சாதகமான பாதியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

புளி எப்படி வந்தது என்பதற்குக் கவர்னரே தேவையில்லை. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மருந்துக்கடையில் புளி ஒரு சாதாரணச் சரக்கு. நிலாவரை இலையோடு சேர்த்துப் பேதி லேகியம் செய்தார்கள். அந்தப் புளி பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து, சர்க்கரைப் பாகில் ஊறி வந்தது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்த அதே தீவுகள். இரண்டு மருந்துக்கடைக்காரர்கள் புளியை எடுக்க அலமாரிக்குக் கை நீட்டினால் போதும். அங்கே மரமாக நின்ற புளியும் கொண்டுபோய் வைத்ததுதான். பின்னால் போகலாம் என்றால், ‘டாமரிண்ட்’ என்ற சொல் அரபியில் ‘இந்தியப் பேரீச்சை’. சங்கப் பாட்டிலேயே புளி இட்ட சமையல் வருகிறது. சரி, இதுவாவது நம்முடையது என்று உட்காரப் போனால், தாவர நூலார் மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள். இந்தியா என்பது அதன் பெயரில் இருக்கிறது, பிறப்பில் இல்லை.

இப்படிப் போகப்போக ஆதி பின்வாங்கிக்கொண்டே போகிறது. அதனால் ஆதி என்ற ஒன்று கிடையாது, எல்லாமே பிரதிகள்தான் என்று சொல்லிவிடுவது இப்போது சுலபமான பதில். எனக்கு அது ஒப்பவில்லை. ஆதி அகப்படாது என்பது வேறு. எந்தக் கதையும் எந்தக் கதையோடும் சமம் என்பது வேறு. கவர்னர் இல்லை என்பது தேடினதால் தெரிந்தது. தேடாமல் இருந்தால் அவர் இன்னும் வங்காளத்தை ஆண்டுகொண்டிருப்பார்.

கதையின் மற்றப் பாதியைப் பாருங்கள். மறந்துபோன பீப்பாய். கவர்னர் பொய்யானபின் இதையும் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் இந்த சாஸை இன்றும் 18 மாதம் ஊறப்போட்டுத்தான் வடிக்கிறார்கள். உப்பிட்ட மீனும் காடியில் கிடக்கும் வெங்காயமும் பூண்டும் ஆரம்பத்தில் தனித்தனியாக மூக்கைத் தாக்கும். நாள்பட நாள்பட மீன் கரைந்து, காரம் அடங்கி, ஒன்று இன்னொன்றாகிவிடுகிறது. கதையில் ஆள் பொய், காரியம் மெய். ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இரண்டும் கலந்து கிடக்கின்றன. பட்டியலைத் தேடுகிறவனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. அவன் சேகரிக்கிற பொருள்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், காத்திருப்பு எந்தப் பட்டியலிலும் ஒரு பொருளாக எழுதப்படுவதில்லை.

சட்டம் இதை வேறு மாதிரி தீர்க்கப் பார்த்தது. மற்றவர்களும் வொர்செஸ்டர்ஷயர் சாஸ் என்று போட்டு விற்றபோது, அந்தப் பெயர் லீ அண்ட் பெரின்ஸுக்கு மட்டும் சொந்தம் அல்ல என்று 1876-இல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி ஏற்கெனவே லேபிளின் குறுக்கே கையெழுத்துப் போட ஆரம்பித்திருந்தது. கையெழுத்து இருந்தால் அசல். ருசியைப் பற்றிய ஒரு சொல் இப்படி உரிமைப் பத்திரத்தைப் பற்றிய சொல்லாக மாறியது. அதன்பின் கம்பெனியே கை மாறியது: 1930-இல் எச்.பி., 2005-இல் ஹெய்ன்ஸ். கையெழுத்துப் போட்டவர்கள் போய்விட்டார்கள், கையெழுத்து விற்பனையோடு கூடவே போயிற்று. நடுவில் எப்போதோ யாரோ ஆலையில் இடத்தைக் காலி செய்ய, புத்தகங்கள் குப்பைக்குப் போயின. சொந்தக்காரனுக்கு அவை தேவைப்படவில்லை. பெயர் கையில் இருக்கும்போது ஏடு எதற்கு?

எடுத்தவர் கணக்காளர் என்பதை நான் மறுபடி மறுபடி யோசிக்கிறேன். தமிழில் அசல் என்ற சொல் நகலுக்கும் எதிர், வட்டிக்கும் எதிர். கம்பெனி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வட்டி வாங்கிக்கொண்டிருந்தது. அசல் எவ்வளவு என்று எழுதிய தாளைத் தூக்கிப் போட்டது. சம்பளத்துக்கு வந்த ஒருவர் அதைக் குனிந்து எடுத்தார். அதே ஆள்தான் கம்பெனியின் கட்டுக்கதைக்குத் தன் புத்தகத்தில் கணக்கு முடித்தார். அவருக்கு அந்த சாஸின் மேல் வெறுப்பு இருந்திருக்க நியாயமில்லை. வெறுப்பவன் ஒரு கம்பெனியின் வரலாற்றை உட்கார்ந்து எழுத மாட்டான்.

அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு யாராவது செய்து பார்க்கலாம். மீனுக்கு உப்பிட்டு, புளியும் கிராம்பும் சோயாவும் சேர்த்து, காடியில் 18 மாதம் மூடி வைக்கலாம். திறக்கிற நாளில் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்து, இதுதான் என்றோ இதுவல்ல என்றோ சொல்ல, 1837-இல் அதைச் சாப்பிட்டவர் யாரும் இருக்கப்போவதில்லை. பக்கத்தில் கடையில் வாங்கின புட்டி இருக்கும். அதில் ‘அசல்’ என்று அச்சிட்டிருக்கும்.