கேட்டு நின்றவனைச் சுடுதல்

‘மாக்ராஸ்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரிலும் (1982–83), அதையொட்டி 1984இல் வந்த படத்திலும் விண்வெளிப் போரை முடித்துவைப்பது ஒரு பாடகி. லின் மின்மே. ‘ஐடல்’ என்று அங்கே கொண்டாடப்படும் ரகம், மேதை அல்ல. எதிரிகளான ஜென்ட்ராடிகள் போருக்கென்றே உற்பத்தி செய்யப்பட்ட ராட்சதர்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தறியாதவர்கள், பாட்டே கேட்டறியாதவர்கள். அவள் பாடுகிறாள், திகைத்து நிற்கிறார்கள். கலையின் வெற்றி என்று சொல்லிவிடலாம்.

எனக்கு உறுத்துவது அடுத்த கணம். தொடரின் 27ஆம் பகுதியில் அந்தத் திகைப்பு நீங்குமுன் பூமியின் கப்பல் தாக்குகிறது. திட்டமே அதுதான். பாட்டுக்குச் செவி கொடுத்ததனால் எதிரி சாகிறான். செவிடனாயிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான். (பூமி ஏற்கெனவே எரிந்துவிட்டது, வேறு வழியில்லை என்பார்கள். வாஸ்தவம். வழியில்லாமல் செய்த காரியம் என்பதால் அது வேறு காரியமாகிவிடுமா?) இப்போது பாட்டு செய்த வேலை என்ன? நெகிழ வைத்ததா, குறி பார்க்க வசதி செய்ததா? இரண்டும் ஒரே வேலையாகிவிட்டதுதான் சங்கடம்.

படம் இன்னும் நேர்மையானது. காதலில் தோற்ற மின்மே பாட மறுக்கிறாள். ஹிகாரு அவளை அறைகிறான். பிறகு பாடுகிறாள். அந்தப் பாட்டு, இடிபாடுகளில் அகப்பட்ட புராதன வரிகள். மந்திரமோ என்றால், கடைசியில் தெரிகிறது: பல்லாயிரம் வருஷங்களுக்கு முன் ஏதோ நகரத்தில் ஜனங்களிடையே பிரபலமாயிருந்த சாதாரணக் காதல் பாட்டு. அதை முதலில் பாடியவளை யாரும் அறைந்திருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.