குறையை மறைப்பது கருணையாகுமா?

புகலிடத்தில் வாடும் நாய்க்கு நல்லதோர் இல்லம் தேடித் தருவது ஜீவகாருண்யம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், அது அஞ்சிக் கடிக்கும் இயல்புடைய நாயென்றால், அக்குறையை மறைத்தேனும் கேட்பவரிடம் கொடுத்துவிடலாமா?

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், விளையாட்டு வீரர் மைக்கேல் விக்கின் பண்ணையில் சண்டைக்கென வளர்க்கப்பட்ட ஏறக்குறைய 50 நாய்கள் மீட்கப்பட்டன. இத்தகைய நாய்களைக் கொன்றுவிடுவதே அந்நாளில் பெருவழக்கு. ஆனால் இவற்றின் இயல்பு தனித்தனியே ஆராயப்பட்டது. 22 நாய்கள் 2008 ஜனவரியில் யூட்டா மாநிலத்திலுள்ள பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் காப்பகத்தை அடைந்தன. அவற்றுள் பல, நடத்தைத் தேர்வில் தேறிய பின்னரே இல்லங்களுக்குச் சென்றன. சில நாய்கள் ஆயுள் முழுவதும் காப்பகத்திலேயே இருக்க வேண்டுமென நீதிமன்றம் விதித்தது.

இதனால் நாம் அறிவது யாது? குறையை மறைத்துக் கொடுத்தால், அறியாக் குழந்தை கடிபடும், நாயும் துரத்தப்படும். ஒரு பொய்யால் இரண்டு உயிர்களுக்குத் துன்பம். "அந்நியரைக் கண்டால் பாயும்; உண்ணும்போது எவரையும் நெருங்கவிடாது" என உள்ளதை உரைத்தால் பலர் விலகுவர். விலகட்டும். நாயின் அச்சமறிந்து பொறுமையுடன் பழக்கவல்ல ஒருவர் வருவார்.

சிறுவரும் முதியோரும் வாழும் இல்லத்தார், "எம்மால் இயலாது" என மறுப்பது இரக்கமின்மை அன்று. உரியவர் வரும்வரை அவ்வுயிரின் உணவுக்கும் பராமரிப்புக்கும் இயன்றதை அளிப்போம். அதுவும் அறமே.